நாலாயிரம் டொலர் புல்லா, ஐந்து இறாத்தல் விதையா?

கேள்வி:

கனடாவில், ஒன்ராறியோவின் ஏஜக்ஸில் புது வீடு வாங்கி ஆறு வருசமாகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து 1,200 சதுர அடி புல்தரை இருக்கும். வந்த வருசம் பச்சைப்பசேல் என்று இருந்தது. பிறகு வருசத்துக்கு வருசம் ஐதாகிக்கொண்டே போகிறது. மே மாதம் இரண்டு பை விதை வாங்கித் தூவினேன். கொஞ்சம் முளைத்தது, யூலை வெயிலில் அதுவும் கருகிவிட்டது. மாமா காலையும் பின்னேரமும் பத்துப் பத்து நிமிடம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிறார். என் கணவர் அடிக்கடி வெட்ட நேரமில்லை என்று ஒட்ட வெட்டிவிடுகிறார். போன ஒக்ரோபரில் ஓர் இரவில் ஏதோ மிருகம் வந்து பின்வளவை உழுதுவிட்டுப் போனது. வந்து பார்த்த ஒரு கம்பனிக்காரர், எல்லாவற்றையும் கிளறி எறிந்துவிட்டுப் புது சொட் (பண்ணையில் வளர்த்து மண்ணோடு வெட்டி விற்கிற புல்விரிப்பு) விரிக்க வேண்டும், நாலாயிரம் டொலர் ஆகும் என்கிறார். என் தம்பி அமெரிக்காவில் பஃபலோவில் இருந்து உரமும் களைகொல்லியும் கலந்த பை ஒன்று வாங்கி வந்து கராஜில் வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் சுண்ணாம்பு போடச் சொல்கிறார். டிரைவ்வே ஓரமோ ஒவ்வொரு வசந்தத்திலும் செத்துப்போகிறது. விதை போட்டே இந்தப் புல்லைக் காப்பாற்ற முடியுமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தங்கச்சி, முடியும். நீங்கள் அனுப்பிய படங்களில் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் உயிருள்ள புல் நிற்கிறது. ஐதாக நிற்கிறது, அவ்வளவுதான். உயிருள்ள புல்லின் நடுவே புது விதை போட்டு நெருக்கமாக்குவதைத்தான் இங்கே ஓவர்சீடிங் என்கிறார்கள். உங்கள் வளவுக்கு அதுவே போதும். முக்கால்வாசி இடம் வெறும் மண்ணாகவோ களையாகவோ கிடந்தால் மட்டும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலில் இருந்து தொடங்கச் சொல்லுவேன். உங்களுடையது அந்த நிலையில் இல்லை.

நாலாயிரம் டொலர் கொடுத்துப் புது சொட் விரித்தாலும், கீழே இருக்கிற மண் அதே மண்தான், வெட்டுகிற உயரமும் தண்ணீர் விடுகிற முறையும் அதேதான். மூன்று நாலு வருசத்தில் திரும்பவும் இதே கடிதம் எழுத வேண்டி வரும். ஆகவே விதைப் பையைத் திறப்பதற்கு முன்னர், பழைய புல் ஏன் செத்தது என்பதைப் பார்ப்போம்.

முதல் காரணம் மண். உங்கள் பகுதியில் எழும்பிய புதுக் குடியிருப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கட்டப்பட்டவை. வேலை தொடங்கும்போது மேல்மண்ணை வழித்துக் குவித்துவிடுவார்கள். மாதக்கணக்காகப் பாரமான வாகனங்கள் ஓடி அடிமண்ணை இறுக்கிவிடும். கடைசியில் அந்தக் களிமண்ணின் மேல் சில அங்குலம் மேல்மண்ணைப் பரப்பி, சொட்டை விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சொட் தன்னுடன் கொண்டுவந்த மண்ணிலும் பண்ணையில் இட்ட உரத்திலும் முதல் வருசம் செழிப்பாக இருக்கும். பிறகு வேர் கீழே இறங்கப் பார்க்கும், இறங்க வழி இருக்காது. நீங்கள் சொல்லுகிற வருசத்துக்கு வருசம் ஐதாகும் கதை இதுதான். தண்ணீர் விட்ட அடுத்த நாள், ஒரு நீளமான ஸ்குரூட்ரைவரைப் புல்லுக்குள் கையால் அழுத்திப் பாருங்கள். ஆறு அங்குலம் லேசாக இறங்கினால் மண் நல்லது. இரண்டு அங்குலத்தில் முட்டிக்கொண்டு நின்றால் வேரும் அங்கேதான் நிற்கிறது.

இரண்டாவது, வெட்டு. உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள்: ஒட்ட வெட்டினால் வேலை குறையாது, கூடும். புல் தன் உணவை இலையில்தான் செய்கிறது. இலையை ஒன்றரை அங்குலத்தில் வைத்தால் வேரும் அதற்கேற்பக் குட்டையாகிவிடும். யூலையில் மேல்மண் காய்ந்தவுடன் புல்லும் காய்ந்துவிடும். வெயில் நேரே மண்ணில் விழுவதால் களை விதைகள் முளைக்கும். இன்னொன்று, வேரைத் தின்கிற வெள்ளைப் புழுவைத் தருகிற வண்டுகள் முட்டையிட ஒட்ட வெட்டிய, ஐதான புல்லைத்தான் விரும்பித் தேடும். புல்வெட்டியை மூன்று அங்குல உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஒரு தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விடுங்கள், அவை உரம்.

மூன்றாவது, அந்த ஒக்ரோபர் இரவு. உழுதது ஸ்கங்க் அல்லது ரக்கூன். அவை புல்லைக் கெடுக்க வரவில்லை, புல்லுக்குக் கீழே இருந்த தீனியைத் தேடி வந்தவை. மண்ணுக்குள் வெள்ளை நிறத்தில், தலை மட்டும் கபில நிறமாக, அரைவட்டமாக வளைந்து கிடக்கும் புழுக்கள் அவை. இங்கே கூடுதலாக இருப்பவை ஐரோப்பியன் சேஃபர், ஜப்பானிய வண்டு, யூன் வண்டு ஆகியவற்றின் புழுக்கள். புல்லின் வேரைத் தின்றுவிடுவதால், இழுத்தால் புல் வேரில்லாமல் கையோடு உரிந்து வரும்.

இப்போதே பார்க்கலாம். பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே இருக்கிற ஓரத்தில் ஒரு சதுர அடியை மண்வெட்டியால் மூன்று பக்கம் வெட்டி, மூன்று அங்குல ஆழத்துக்குப் புரட்டி, மண்ணைக் கையால் உதிர்த்துத் தேடுங்கள். ஓகஸ்டில் புழு இன்னும் சின்னது, கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். வளவில் நாலைந்து இடத்தில் இப்படிச் செய்ய வேண்டும். சதுர அடிக்கு ஐந்துக்குக் கீழே என்றால் நல்ல புல் தாங்கிக்கொள்ளும், மருந்து தேவையில்லை. அதற்கு மேல் என்றால் நெமற்றோட் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த நூற்புழுக்கள் மண்ணுக்குள் போய் வெள்ளைப் புழுவைத் தேடிக் கொல்லும். மனிதருக்கும் நாய்க்கும் ஒன்றும் செய்யாது. தோட்டக் கடைகளில் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். உயிருள்ள பொருள் என்பதால் காலாவதித் திகதியைப் பார்த்து வாங்கி, வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஓகஸ்ட் கடைசியில் இருந்து செப்ரெம்பர் நடுப்பகுதி வரை, வெயில் இறங்கிய பின்னேரத்தில், முதலில் தரையை நன்றாக நனைத்துவிட்டுத் தெளித்து, தெளித்த பிறகும் தண்ணீர் விட வேண்டும். வெயில் பட்டாலோ மண் காய்ந்தாலோ அவை செத்துவிடும். நல்லவேளையாக, விதைக்கும் அதே காலத்தில் அதே ஈரம்தான் தேவை. இரண்டு வேலையும் ஒன்றாகவே நடக்கும்.

முன்பக்கத்தில் யூலையில் கருகியது வேறு விசயமாக இருக்கலாம். கென்ரக்கி புளூகிராஸ் என்கிற புல்வகை கோடையில் தண்ணீர் இல்லாவிட்டால் உறங்கிப்போகும். இலை பழுப்பாகும், ஆனால் மண்ணோடு ஒட்டிய அடித்தண்டு வெள்ளையாக, உறுதியாக இருக்கும். நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உயிர் இருந்தால் நல்ல மழை பெய்து இரண்டு கிழமைக்குள் பச்சை திரும்பிவிடும். அடித்தண்டும் காய்ந்து நொறுங்கினால் சின்ச் பூச்சியைச் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் வெட்டிய ரின் ஒன்றைப் பழுப்பு ஓரத்தில் மண்ணுக்குள் அழுத்தி, தண்ணீர் நிரப்பி, பத்து நிமிடம் பொறுங்கள். பூச்சி இருந்தால் மேலே மிதந்து வரும். கறுப்பு உடம்பில் வெள்ளைச் சிறகு மடிந்திருக்கும், அரிசியை விடச் சிறியது. இதற்கும் விதையிலேயே ஒரு வழி இருக்கிறது, பிறகு சொல்லுகிறேன்.

இனி மாமாவின் தண்ணீர். வளர்ந்த புல்லுக்குத் தினமும் இரண்டு வேளை மேலோட்டமாகத் தண்ணீர் விட்டால், வேர் கீழே போகத் தேவையே இல்லை என்று மேலேயே இருந்துவிடும். கிழமைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, மொத்தம் ஓர் அங்குலம் தண்ணீர் போதும். மழையையும் அதில் கணக்குப் பிடியுங்கள். ஒரு மீன் ரின்னை ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே வைத்து, ஓர் அங்குலம் நிறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒருக்கால் பார்த்து வைத்தால் பிறகு கடிகாரம் போதும். விடியற்காலை நல்லது. ஆனால் மாமாவை ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் செய்கிற அதே வேலை, விதை போட்ட பிறகு வருகிற மூன்று கிழமைக்கு அப்படியே தேவை. அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுக்கப் போகிறோம்.

மே மாதம் ஏன் சரிவரவில்லை? வசந்தத்தில் முளைத்த புல்லுக்கு வேர் இறக்க ஆறேழு கிழமைதான் கிடைக்கும், அதற்குள் கோடை வந்துவிடும். அதோடு கிராப்கிராஸ் களையும் அதே மண்ணில் அதே நேரத்தில் முளைத்து இடத்தைப் பிடித்துவிடும். ஓகஸ்ட் 20 முதல் செப்ரெம்பர் 20 வரைதான் உங்கள் பகுதிக்குரிய காலம். மண் கோடைச் சூட்டை வைத்திருக்கும், ஆகவே விதை சீக்கிரம் முளைக்கும். இரவு குளிரத் தொடங்குவதால் ஈரம் நிற்கும். கிராப்கிராஸ் உறைபனியோடு செத்துவிடும். புதுப் புல்லுக்கோ முழு இலையுதிர்காலமும் அடுத்த வசந்தமும் சேர்ந்து கிடைக்கும். நீங்கள் கடிதம் எழுதியது சரியான நேரம்.

விதை வாங்கும்போது பையின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல், அதன் மேல் அச்சடித்திருக்கிற விபரத்தைப் படியுங்கள். என்ன புல், எத்தனை வீதம் என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே ஆண்டில் செத்துப்போகிற அனுவல் றைகிராஸ் அதில் இருந்தால் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள். மலிவுப் பைகளில் அதுதான் நிரப்பியிருக்கும். ஐந்து நாளில் முளைத்து மனதைக் குளிர வைக்கும், எங்கள் பனிக்காலத்தோடு முடிந்துவிடும். நிறப் பூச்சுப் போட்ட விதை என்றால் நிறையில் பாதிவரை பூச்சாகவே இருக்கலாம், அதையும் கணக்கில் எடுங்கள்.

உங்கள் வளவு வெயில் படுகிற வளவு. பாதிக்குக் குறையாமல் கென்ரக்கி புளூகிராஸ், மிச்சத்தில் பெரெனியல் றைகிராஸும் மெல்லிய ஃபெஸ்கியூவும் உள்ள கலவை நல்லது. புளூகிராஸ் மண்ணுக்கடியில் தண்டு ஓடிப் பரவும், வெற்றிடத்தைத் தானே மூடும். றைகிராஸுக்கு அந்தக் குணம் இல்லை, ஆனால் சீக்கிரம் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். றைகிராஸ் கால்வாசிக்கு மேல் இருந்தால் மெதுவாக வருகிற புளூகிராஸை அமுக்கிவிடும். மேலே சொன்ன சின்ச் பூச்சிக்கான வழி இதுதான்: எண்டோபைற் உள்ள றைகிராஸ் அல்லது ஃபெஸ்கியூ என்று கேட்டு வாங்குங்கள். புல்லுக்குள்ளேயே வாழ்கிற ஒரு பூஞ்சணம் அது. இலையையும் தண்டையும் உறிஞ்சுகிற பூச்சிகளுக்கு அது ஆகாது. வெள்ளைப் புழுவை அது தடுக்காது. பழைய விதையில் அந்தப் பூஞ்சணம் செத்துப்போயிருக்கும், ஆகவே போன வருச மிச்சத்தை வாங்க வேண்டாம்.

அளவு, ஆயிரம் சதுர அடிக்கு நாலு இறாத்தல். உங்கள் 1,200 சதுர அடிக்கு ஐந்து இறாத்தல் போதும், வெறும் மண்ணான இடங்களில் இரண்டு மடங்காகப் போடுங்கள். கூடப் போட்டால் கூட முளைக்கும் என்று நினைத்து அள்ளிக் கொட்ட வேண்டாம். ஓர் இறாத்தல் புளூகிராஸில் பத்து இலட்சத்துக்கு மேல் விதை இருக்கிறது. றைகிராஸ் விதை பெரிது, அதில் இரண்டு இரண்டரை இலட்சம்தான். நெருங்கி முளைத்த நாற்றுகள் ஒன்றையொன்று நெரித்து, நோய் பிடித்து அழுகும்.

இனித்தான் முக்கியமான இடம். மே மாதம் நீங்கள் தூவிய விதையில் பெரும்பகுதி மண்ணைத் தொட்டிருக்காது. புல்லின் இலையிலும், இலைக்கும் மண்ணுக்கும் நடுவே தேங்கிக் கிடக்கிற பழுப்பு நார்ப் படையிலும் தங்கியிருக்கும். அங்கே ஒரு நாள் நனையும், மறுநாள் காயும். முளைவிட்ட விதை ஒருக்கால் காய்ந்தால் அதன் பிறகு எழும்பாது. விதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஈரமண் அதைச் சுற்றிப் பிடிக்காவிட்டால் பறவைக்குத்தான் தீனி.

ஆகவே ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். முதலில் புல்லை இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டி, இந்த ஒருதடவை மட்டும் துணுக்குகளை அள்ளி எடுங்கள். உங்கள் கணவர் ஒட்ட வெட்டுவதற்கு வருசத்தில் இந்த ஒரு நாள்தான். பிறகு எயரேற்றர், அதாவது இறுகிய மண்ணில் ஓட்டை போடுகிற மெசின். கருவி வாடகைக்குக் கொடுக்கிற கடைகளில் அரை நாளுக்கு எடுக்கலாம். வெறும் ஆணி குத்துகிறது வேண்டாம், அது களிமண்ணை இன்னும் இறுக்கும். மண்ணைச் சுண்டுவிரல் அளவுத் துண்டுகளாகப் பிடுங்கி மேலே போடுகிற வகையைக் கேளுங்கள். பாரமான மெசின், தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும். முதல் நாள் தண்ணீர் விட்டுத் தரையை நனைத்து வையுங்கள், காய்ந்த களிமண்ணில் அது இறங்காது. நிலத்துக்குள் ஸ்பிரிங்க்ளர் குழாய் இருந்தால் தலைகளுக்குப் பக்கத்தில் கொடி நட்டுவிடுங்கள். இன்ரநெற் கேபிளைச் சில இடங்களில் இரண்டு மூன்று அங்குலத்திலேயே புதைத்திருப்பார்கள், வீட்டுச் சுவரில் அது எங்கே ஏறுகிறது என்று பார்த்து அந்த வரியை விட்டுவிடுங்கள். நெடுக்காக ஒரு தடவையும் குறுக்காக ஒரு தடவையும் ஓட்டுங்கள். மேலே கிடக்கிற மண் துண்டுகளைப் பொறுக்க வேண்டாம், காய்ந்ததும் உதிர்ந்து விதைக்கு மண்ணாகும்.

அடுத்தது குப்பைவாரி. பிளாஸ்ரிக் பல்லு வேண்டாம், இரும்புப் பல்லு வேண்டும். பழுப்பு நார் மேலே வருகிற மாதிரி அழுத்தி வாருங்கள். முதுகு நோகும், ஆனால் இந்த வேலைதான் பலனைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு வார வேண்டும் என்றால், முழங்காலில் இருந்து புல்லை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள். எங்கே விலக்கினாலும் கறுப்பாக மண் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் விதை போட்டுப் பிரயோசனம் இல்லை.

புது மண் தேவையா என்று மனதில் கேள்வி இருக்கும். மேல்மண் என்று விற்கிறதை வாங்கித் தடிப்பாகக் கொட்ட வேண்டாம், பழைய புல்லும் மூடிச் செத்துவிடும், களை விதையும் சேர்ந்து வரும். நன்றாக உக்கிய கொம்போஸ்ட் கால் அங்குலம் போதும். உங்கள் இடத்துக்கு ஏறக்குறைய ஒரு கன யார், 30 லீற்றர் பை என்றால் 24 பை. மண்வெட்டியால் வீசி, குப்பைவாரியின் முதுகுப்பக்கத்தால் பரப்புங்கள். பரப்பிய பிறகும் புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும். எயரேற்றர் போட்ட ஓட்டைகளுக்குள் இந்தக் கொம்போஸ்ட் இறங்குகிறதே, இறுகிய களிமண்ணுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஒவ்வொரு செப்ரெம்பரும் செய்தால் மண் மெல்ல மெல்ல மாறும். ஒரு கவனம்: உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே தண்ணீர் ஓடுவதற்காகப் பள்ளமாக விட்டிருப்பார்கள். அதை நிரப்பிவிடாதீர்கள், தண்ணீர் திரும்பி பேஸ்மென்ற் பக்கம் வரும்.

பிறகு விதை. பாதியை வீட்டு வாசலில் இருந்து றோட்டு நோக்கி நடந்து தூவுங்கள், மற்றப் பாதியைக் குறுக்காக. குப்பைவாரியைத் திருப்பிப் பிடித்து லேசாக ஒருதடவை இழுத்து, மேலே நடந்து மிதியுங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டு மிதிக்க விடலாம். விதை கால் அங்குலத்துக்கு மேல் புதையக் கூடாது. உரம் போட விரும்பினால் விதைக்கும்போது போடுகிற ஸ்ராட்டர் உரம், பையில் சொன்ன அளவு மட்டும். கொம்போஸ்ட் போட்டால் அதுகூடக் கட்டாயமில்லை.

இனி மாமாவின் மூன்று கிழமை. காலை, மதியம், பின்னேரம் என்று ஐந்து பத்து நிமிடம், ஹோஸின் முனையில் பூவாளி மாதிரித் தூவுகிற தலையைப் போட்டு, மேல் அரை அங்குலம் எப்போதும் ஈரமாக இருக்கும்படி. தண்ணீர் தேங்கி ஓடக் கூடாது, விதையும் சேர்ந்து ஓடிவிடும். மழை நாளில் விட வேண்டாம். ஏஜக்ஸில் அந்தந்த வருசம் தண்ணீர் விடுவதற்குக் கட்டுப்பாடு ஏதும் இருக்கிறதா என்று ஒருக்கால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பச்சை தெரியும். அது றைகிராஸ். ஃபெஸ்கியூ அதற்குப் பின்னால், இரண்டாம் கிழமையில் வரும். புளூகிராஸ் இரண்டிலிருந்து மூன்று கிழமை எடுக்கும், சில வேளை நாலு. முதல் பச்சையைக் கண்டதும் எல்லாம் முளைத்துவிட்டது என்று பலர் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் புளூகிராஸ் மண்ணுக்குள் முளைவிட்டுக்கொண்டு இருக்கும். இரண்டு நாள் காயவிட்டால் காசு கொடுத்து வாங்கிய நல்ல பாதி மண்ணுக்குள்ளேயே செத்துவிடும். மூன்று கிழமை முடிய, நாளுக்கு ஒருதடவை, பிறகு இரண்டு நாளைக்கு ஒருதடவை கூடுதல் நேரம் என்று மெல்ல மாற்றுங்கள்.

புதுப் புல் மூன்றரை அங்குலம் வந்ததும் முதல் வெட்டு. புல்வெட்டியின் அலகைத் தீட்டிக்கொள்ளுங்கள், மொட்டை அலகு நாற்றைப் பிடுங்கி எறியும். தரை காய்ந்திருக்கிற நாளாகப் பாருங்கள். மூன்று வெட்டு முடியும்வரை பிள்ளைகள் அதில் பந்து விளையாட வேண்டாம். ஒக்ரோபரில் விழுகிற இலைகளைக் கிழமைக்கு ஒருக்கால் எடுத்துவிடுங்கள், ஈர இலைக்குக் கீழே நாற்று ஒரு கிழமையில் வெளிறிச் செத்துவிடும். பனிக்கு முன்னர் கடைசி வெட்டை இரண்டரை அங்குலத்தில் முடியுங்கள். நீண்டு சாய்ந்த புல்லில்தான் பனிக்குக் கீழே பூஞ்சணம் பிடிக்கும்.

பஃபலோவில் இருந்து வந்த பையைப் போட வேண்டாம். ஒன்ராறியோவில் வீட்டுப் புல்லுக்கு அழகுக்காகக் களைகொல்லி, பூச்சிமருந்து போடுவது 2009 ஏப்ரல் 22 முதல் தடை. அப்படிப்பட்ட பைகளில் வழக்கமாக 2,4-டி என்கிற களைகொல்லி இருக்கும், இங்கே புல்தரைக்குத் தடைசெய்த பட்டியலில் அதுவும் ஒன்று. சட்டம் ஒருபுறம் இருக்க, அது புதிதாக முளைக்கிற உங்கள் புல்லையும் தாக்கும். பிள்ளைகள் உருண்டு விளையாடுகிற இடத்தில் அது தேவையா என்பதையும் யோசியுங்கள். உங்கள் பகுதியில் ஆபத்தான கழிவுகளை எடுக்கிற இடத்தில் கொடுத்துவிடச் சொல்லுங்கள், சாக்கடையில் கொட்ட வேண்டாம். டண்டிலையன் களையை மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள். இரும்புச் சத்தை வைத்துச் செய்த களைகொல்லி இங்கே அனுமதிக்கப்பட்டது, ஆனால் புதுப் புல் மூன்று நாலு வெட்டுக் கண்ட பிறகு பார்க்கலாம். சோள மாவில் செய்த கோர்ன் குளூட்டன் களை முளைப்பதைத் தடுப்பது போலவே உங்கள் புல் விதையையும் தடுக்கும், ஆகவே இந்த இலையுதிர்காலத்தில் அதுவும் வேண்டாம். வெள்ளைக் குளோவரை நான் களையென்று சொல்ல மாட்டேன். காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குக் கொடுக்கிறது, கோடையிலும் பச்சையாக நிற்கிறது, தேனீக்கும் நல்லது.

பக்கத்து வீட்டுக்காரரின் சுண்ணாம்பும் வேண்டாம். சுண்ணாம்பு புளித்த மண்ணுக்கு. ஒன்ராறியோவின் தெற்கில் பெரும்பாலான மண், பனியாறுகள் சுண்ணாம்புக் கல்லை அரைத்துக் கொண்டுவந்து விட்டது. யாழ்ப்பாணத்து மண்ணைப் போல இதற்கும் சுண்ணாம்பு ஏற்கெனவே கூடத்தான் இருக்கிறது. மண்ணைச் சோதித்து, பி.எச். ஆறுக்குக் கீழே என்று அறிக்கை வந்தால் ஒழிய அந்தப் பையைத் தொட வேண்டாம்.

டிரைவ்வே ஓரம் சாவது உப்பால். பனிக்காலம் முழுக்க உப்புக் கலந்த பனியை அந்தப் பக்கம்தானே தள்ளுகிறீர்கள். புளூகிராஸ் உப்பைத் தாங்காது. ஏப்ரலில் மண் இளகியதும் அந்த இரண்டடி அகலத்துக்கு மூன்று நாலு நாள் விட்டு விட்டு நிறையத் தண்ணீர் பாய்ச்சினால் உப்பு கீழே கழுவுப்பட்டுப் போகும். அந்த ஓரத்துக்கு மட்டும் பெரெனியல் றைகிராஸும் ஃபெஸ்கியூவும் கூடிய கலவையைப் போடுங்கள். இந்தப் பனிக்காலம் உப்பைக் குறைத்து மணலைக் கூட்டிப் பாருங்கள், வழுக்காமல் இருக்க மணலும் உதவும்.

செப்ரெம்பர் 20 தாண்டியும் சனிக்கிழமை கிடைக்கவில்லை என்றால் அவதிப்பட்டு ஒக்ரோபரில் விதைக்காதீர்கள். அப்போது முளைக்கிற சிறு நாற்று பனியில் தப்பாது. நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு, நிலம் உறைவதற்குச் சற்று முன்னர், அதே மாதிரி வாரி, விதையைத் தூவி விட்டுவிடுங்கள். குளிரில் அது முளைக்காது, மண்ணோடு கிடக்கும். உறைந்தும் இளகியும் மண் அதைத் தனக்குள் இழுத்துக்கொண்டு ஏப்ரலில் முளைக்க விடும். செப்ரெம்பர் அளவுக்குப் பலன் இராது, விதையைக் கால் பங்கு கூட்டிப் போட வேண்டும், ஆனால் மேயை விட நல்லது. எப்படியானாலும் வெள்ளைப் புழுவுக்கான சோதனையை இந்தக் கிழமையே செய்துவிடுங்கள். ஐந்துக்கு மேல் கண்டால் நெமற்றோட்டுக்குக் கடையில் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும், செப்ரெம்பர் முதல் கிழமையில் அது சீக்கிரம் முடிந்துவிடும்.